நுரையீரல் ரத்த அழுத்தமும் கர்ப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்மனரி ஹைப்பர்டென்ஷன் எனப்படும் நுரையீரல் ரத்த அழுத்த நோய் உள்ள பெண்களுக்கும் அவர்களுடைய கணவர், அம்மா, மாமியாருக்கும் எழுதியது இது. நாள் தள்ளிப்போன பிறகு படிப்பதைவிட, கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே படித்துவிட்டால் நல்லது. மருத்துவமனைகளில் இந்த நோயைச் சுருக்கமாகப் பி.எச். என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

கையில் பார்த்தால் பி.பி. 110/70 தான் இருக்கிறது. பிறகு எப்படி எனக்கு ரத்த அழுத்தம் என்கிறார்கள்?

கையில் பட்டை சுற்றிப் பார்ப்பது, இதயத்தின் இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்புகிறது. அந்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு: நல்ல உடல்நிலையில் சராசரி 14 மி.மீ. பாதரசம் அளவில்தான் இருக்கும். அது ஓய்வில் 20-ஐத் தாண்டினால் பி.எச். என்பது 2022 முதல் ஐரோப்பிய வழிகாட்டுதல் வைத்திருக்கும் வரையறை (முன்பு 25 என்று வைத்திருந்தார்கள்). கை பி.பி. மாத்திரையால் இது குறையாது. கை பி.பி. நன்றாக இருப்பதால் இது இல்லை என்றும் ஆகாது.

வலப்பக்க இதயத்தின் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைந்தது. நுரையீரல் குழாய்கள் தடித்துச் சுருங்கிப்போனால், அது நாள் முழுக்க மேட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி உழைக்கிறது. முதலில் தடிக்கும், பிறகு விரியும், கடைசியில் தளர்ந்துவிடும்.

7 மாதம் ஆகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் ஆர்.வி.எஸ்.பி. (வலது கீழறையின் அழுத்தம்) 40 என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். எக்கோ அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை வைத்துப் போடும் கணக்கு அது. வேகம் நொடிக்கு 2.8 மீட்டர் என்றால் சுமார் 31, 3.4 மீட்டர் என்றால் சுமார் 46. இதோடு வலது மேலறை அழுத்தம் என்று 3 முதல் 15 வரை ஒரு மதிப்பைக் கூட்டுவார்கள். கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடுவதாலும், கூடவே ரத்தசோகை இருந்தால் இன்னும் வேகமாக ஓடுவதாலும், நோயில்லாத பெண்ணுக்கும் இந்தக் கணக்கு சற்று மிகையாக வரலாம்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை வேறு. வலது கீழறை பெரிதாகியிருக்கிறதா, நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா, வலது கீழறை சுருங்கும் திறன் குறைந்திருக்கிறதா, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, எங்காவது ஓட்டை இருக்கிறதா. இவை ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் 38, 40 என்று இருந்தால், பெரும்பாலும் ரத்தசோகையைச் சரிசெய்து, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், வேகம் 3.4-ஐத் தாண்டினாலும் இதயநோய் மருத்துவரிடம் அதே வாரம் போக வேண்டும். உறுதிப்படுத்தும் சோதனை ஒன்றுதான்: கழுத்து அல்லது தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயை வலப்பக்க இதயத்துக்குள் செலுத்தி அளப்பது. தேவையென்றால் கர்ப்பத்திலும் அதைச் செய்யலாம்.

பி.எச். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. வகை தெரியாமல் கர்ப்பத்தைப் பற்றிப் பேசவே முடியாது. எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எனக்கு எதனால் வந்தது?" என்பதுதான்.

நம் ஊர்ப் பெண்களிடம் அதிகம் காண்பது, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் அழுத்தம் ஏறுவது. வால்வை விரித்தால் அழுத்தமும் இறங்கக்கூடிய வகை இது. இரண்டாவது, பிறவியிலேயே இதயத்தில் இருந்த ஓட்டையைக் காலத்தில் மூடாமல் விட்டது. வருடக்கணக்காக அதிக ரத்தம் பாய்ந்து நுரையீரல் குழாய்கள் கெட்டியாகி, ஒரு கட்டத்தில் ஓட்டம் திசைமாறி, கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தில் கலந்து உதடும் நகமும் நீலமாகும். இதுதான் ஐசென்மெங்கர் நிலை. மூன்றாவது, காரணமே கண்டுபிடிக்க முடியாத வகை. சிலருக்கு இது குடும்பத்தில் வரும். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூப்பஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்கள் உள்ளவர்களுக்கும் பி.எச். வரலாம். நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி கரையாமல் தங்கிப்போய் வரும் வகையும் உண்டு. அதை அறுவை சிகிச்சையால் பலருக்குக் குணப்படுத்த முடியும் என்பதால் தேடாமல் விடக்கூடாது.

கர்ப்பம் ஏன் இவ்வளவு ஆபத்து?

கர்ப்பிணியின் உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளித்தள்ளும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் ஏறுகிறது. இந்த ஏற்றம் 5, 6 வாரத்திலேயே, அதாவது பலருக்கு நாள் தள்ளியதே உறுதியாகாத நேரத்தில் தொடங்கி, 28 முதல் 32 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நல்ல நுரையீரலில் குழாய்கள் விரிந்து கொடுக்கும். பி.எச். உள்ளவருக்கு விரியாது. கூடுதல் ரத்தம் வரும், போக வழியில்லை. வலப்பக்க இதயம் வீங்கி நடுச்சுவரை இடப்பக்கம் தள்ள, இடப்பக்கத்துக்கும் ரத்தம் குறைந்துபோகும். மயக்கம் வருவது இதனால்தான்.

ஐசென்மெங்கர் உள்ளவருக்கு இன்னொரு சிக்கல் சேர்கிறது. கர்ப்பத்தில் உடம்பின் குழாய்கள் தளர்வதால், ஓட்டை வழியாகக் கெட்ட ரத்தம் இன்னும் அதிகமாக அந்தப் பக்கம் பாயும். ஆக்சிஜன் அளவு இறங்கும். இதற்கெல்லாம் மேல், கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மையும் கூடும். நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி அடைத்தாலும் ஏற்கெனவே திணறும் இதயத்தால் தாங்க முடியாது.

எண்ணாகச் சொன்னால் ஆபத்து எவ்வளவு?

கடினமான எண்கள்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். 1978 முதல் 1996 வரை உலகெங்கும் வெளியான நோயாளர் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஐசென்மெங்கர் நிலையில் இருந்த தாய்மார்களில் 36 சதவீதமும், காரணம் தெரியாத வகையில் 30 சதவீதமும், வேறு நோய்களால் நுரையீரல் குழாய்கள் கெட்டவர்களில் 56 சதவீதமும் இறந்திருந்தார்கள். 1997 முதல் 2007 வரையிலான தொகுப்பில் மொத்தமாக இது 25 சதவீதத்துக்கு இறங்கியது. 2016-இல் வெளியான ரோபாக் என்ற பன்னாட்டுப் பதிவேட்டில் 151 பேர் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு வால்வு போன்ற இடப்பக்கக் கோளாறால் வந்த பி.எச். பிரசவமாகி ஒரு வாரத்துக்குள் இறந்தவர்கள் 5 பேர். ஆனால் காரணம் தெரியாத வகை இருந்த 7 பேரில் 3 பேர் இறந்துபோனார்கள்.

ஆக, வகைதான் விதியைத் தீர்மானிக்கிறது. நுரையீரல் தமனிகளே கெட்டுப்போன வகை (ஐசென்மெங்கர், காரணம் தெரியாத வகை, லூப்பஸ் போன்றவற்றால் வருவது) எதுவானாலும், உலக சுகாதார நிறுவனத்தின் திருத்திய வகைப்பாட்டில் அது 4-ஆம் வகுப்பு. கர்ப்பம் தரிக்க வேண்டாம், தரித்தால் கலைப்பது பற்றிப் பேச வேண்டும் என்பது அந்த வகுப்பின் பொருள். கடுமையான மைட்ரல் சுருக்கமும் அதே வகுப்புதான். ஆனால் வால்வை விரித்துவிட்டால் அதிலிருந்து வெளியே வர முடியும். மாத்திரையில் அழுத்தம் குறைந்து நன்றாக நடமாடுகிறவருக்கும் ஆபத்து குறையுமே தவிர, போகாது. "நீ நல்லாத்தானே இருக்கே" என்று வீட்டில் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கர்ப்பத்தில் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். வித்தியாசம் எப்படித் தெரியும்?

சாதாரணமாக வரும் மூச்சுவாங்கல் மெதுவாகக் கூடும், உட்கார்ந்தால் தணியும், வீட்டு வேலையை நிறுத்தாது. போன வாரம் ஏறிய மாடிப்படியில் இந்த வாரம் பாதியில் நிற்க வேண்டியிருந்தால் அது வேறு. மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை அடுக்குவது, நடக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, நெஞ்சு இறுக்கம், சளியில் ரத்தம், கழுத்து நரம்பு புடைத்துத் தெரிவது, ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறுவது ஆகிய எதுவும் கர்ப்பத்தின் இயல்பு அல்ல. நடக்கையில் மயக்கம் போட்டு விழுந்தால், தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, இதயப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்று இருப்பது உதவும். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் எண் தவறாகக் காட்டலாம். வழக்கமாக உங்களுக்கு எவ்வளவு இருக்கும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இறங்குவதுதான் எச்சரிக்கை. பிறந்ததும் தானாக மூட வேண்டிய பி.டி.ஏ. எனும் ரத்தக்குழாய் மூடாமல் ஐசென்மெங்கர் ஆனவர்களுக்குக் கை விரலில் நன்றாகவும் கால் விரலில் குறைவாகவும் இருக்கும் என்பதால் இரண்டிலும் பாருங்கள்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கிறோம். கருத்தரிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

மைட்ரல் சுருக்கம் என்றால் இதுதான் உங்களுக்கு மிக முக்கியமான கேள்வி. வால்வின் திறப்பு இயல்பாக 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்கும். 1.5-க்குக் கீழே போனால் கர்ப்பத்துக்கு முன்பே அதைச் சரிசெய்வது பற்றிப் பேச வேண்டும். வால்வு இதழ்கள் மெல்லியதாக, சுண்ணாம்பு படியாமல் இருந்தால் தொடை நரம்பு வழியாக பலூன் செலுத்தி விரிப்பார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. செய்து சில மாதம் கழித்து எக்கோ பார்த்து, அழுத்தம் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு கருத்தரிப்பது சரியான வரிசை. ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் இருக்கப் பென்சத்தீன் பென்சிலின் ஊசி 3 வாரத்துக்கு ஒருமுறை போடுபவர்கள் கர்ப்பத்திலும் அதை நிறுத்தக்கூடாது. கர்ப்பமானதும் ஊசியை நிறுத்திவிடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. காய்ச்சல் திரும்பினால் வால்வு இன்னும் கெடும்.

ஓட்டை உள்ளவர்களின் வீட்டார் "ஓட்டையை மூடிவிட்டுக் கர்ப்பமாகலாமே" என்று கேட்பார்கள். நுரையீரல் அழுத்தம் ஏறாத ஓட்டைக்கு அது சரி. ஐசென்மெங்கர் ஆன பிறகு மூடினால் ஆபத்து. அந்த நிலையில் ஓட்டைதான் வலப்பக்க இதயத்துக்கு அழுத்தம் வடியும் வழி. அதை அடைத்தால் இதயம் அடைபட்டுப்போகும்.

காரணம் தெரியாத வகையில், குழாய் சோதனையின்போது மருந்து கொடுத்து நுரையீரல் குழாய்கள் விரிகிறதா என்று பார்ப்பார்கள். விரிந்து, கால்சியம் தடுப்பு மாத்திரையிலேயே வருடக்கணக்கில் அழுத்தம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும் சிலர் உண்டு. கர்ப்பத்தில் ஓரளவு நன்றாகத் தேறியவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தினர்தான். அவர்களுக்கும் கர்ப்பம் பாதுகாப்பானது என்று யாரும் உறுதி தர முடியாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் பி.எம்.பி.ஆர்.2 மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். அந்த மாற்றம் பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

நான் சாப்பிடும் மருந்துகளில் எவை குழந்தையைப் பாதிக்கும்?

போசென்டான், ஆம்ப்ரிசென்டான், மாசிடென்டான், ரியோசிகுவாட் ஆகிய நான்கும் கருவில் ஊனம் ஏற்படுத்தக்கூடியவை. இவற்றைச் சாப்பிடும் பெண் நம்பகமான கருத்தடையில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்ய வேண்டும். நாள் தள்ளினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். நீங்களாக எல்லா மருந்தையும் ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறி அதுவே உயிருக்கு உலையாகும். ஆபத்தான மருந்தை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைப்பது மருத்துவரின் வேலை.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தையின் எலும்பு, மூக்கு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். தேவைப்படுபவர்களுக்கு ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றுவார்கள். செயற்கை வால்வு வைத்தவர்களின் கணக்கு தனி. அதை இதயநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கால் வீக்கத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோனைத் தவிர்ப்பார்கள், ஃபுரோசமைடு தரலாம். எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள் கூடாது. மைட்ரல் சுருக்கத்துக்கு நாடித்துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால் தரலாம், அட்டெனலால் வேண்டாம்.

சில்டெனாஃபில், டடாலஃபில் ஆகியவற்றைக் கர்ப்பத்திலும் தொடரலாம். நோய் கடுமையானால் இலோப்ரோஸ்ட் போன்ற ப்ரோஸ்டாசைக்ளின் மருந்துகளை மூச்சில் இழுக்கவோ நரம்பில் ஏற்றவோ தருவார்கள்.

மருந்துக் கடையில் சில்டெனாஃபில் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இது ஆண்களுக்கான மாத்திரை இல்லையா?

அதே மருந்துதான். நுரையீரல் குழாய்களையும் விரிக்கும் என்பதால் 20 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு 3 வேளை தருகிறார்கள். கூச்சத்தால் ஒரு வேளையை விடுவதும், கணவர் வாங்கி வர மறுப்பதால் நாள்கணக்கில் நின்றுபோவதும் நடக்கின்றன. மருந்துச் சீட்டில் நோயின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது, பி.பி. அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

கர்ப்பமாகிவிட்டேன், 8 வாரம். இப்போது என்ன வழி?

இந்த வாரமே இதயநோய் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் ஒன்றாக வைத்துப் பேசுங்கள். நுரையீரல் தமனி வகையோ ஐசென்மெங்கரோ என்றால் கலைக்கச் சொல்லித்தான் அறிவுரை வரும். கேட்கவே வலிக்கும் சொல் இது. ஆனாலும் அந்த முடிவை எடுப்பதாக இருந்தால் சீக்கிரம் எடுப்பது பாதுகாப்பு. 12 வாரத்துக்கு முன் செய்வதற்கும் 18 வாரத்தில் செய்வதற்கும் உடல் தாங்கும் சுமையில் நிறைய வேறுபாடு.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இது: தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகள் வகுத்த சில பிரிவினருக்கு 2 மருத்துவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்றால் வார வரம்பு இல்லை. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குப் போதும். கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் விவரத்தை வெளியே சொல்வதும் குற்றம். இலங்கையில் சட்டம் இறுக்கமானது: தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் கலைக்க முயலாதீர்கள். மற்றப் பெண்கள் தாங்கும் ரத்தப்போக்கும் பி.பி. இறக்கமும் உங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மயக்க மருந்து மருத்துவர் பக்கத்தில் இருக்க, அறுவை அரங்கில், உறிஞ்சி எடுக்கும் முறையில் செய்ய வேண்டும். அதிலும் ஆபத்து உண்டு. தொடர்வதைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

தெரிந்தேதான் தொடர்கிறேன். எப்படிக் கவனிக்க வேண்டும்?

முடிவு உங்களுடையது. எடுத்த பிறகு எந்த மருத்துவரும் உங்களைக் கைவிடக்கூடாது. "நான் அப்பவே சொன்னேன்" என்று திட்டுவார்களோ எனப் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் ஒளிந்துகொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கேடு.

முதல் 6 மாதத்துக்கு மாதம் ஒருமுறையாவது, அதன் பிறகு வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை, ஆக்சிஜன் அளவு, நடக்கும் திறன். இடையிடையே எக்கோவும் இதயத் திணறலைக் காட்டும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனையும். ரத்தசோகை கூடவே கூடாது, இரும்புச்சத்தை முதலிலேயே பாருங்கள். ஐசென்மெங்கர் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் 14 இருந்தாலும் அது அவருக்குக் குறைவாக இருக்கலாம்.

உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குள். சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் என்று தட்டில் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வராது. 5 மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். சளி, இருமல், காய்ச்சல் எதையும் இழுத்தடிக்காதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி கர்ப்பத்தில் போடலாம், போட வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் மறுபடி யோசியுங்கள். சரியான மருத்துவமனையிலிருந்து 3 மணி நேரம் தள்ளியுள்ள ஊரில் 7-ஆம் மாதத்துக்குப் பிறகு இருப்பது ஆபத்து. அம்மா இங்கே வந்து தங்கட்டும். வளைகாப்பு வீட்டோடு சிறிதாக இருக்கட்டும். பட்டுச் சேலையில் மணிக்கணக்காக மனையில் உட்கார வைக்க வேண்டாம்.

பேர்பெற்ற மகப்பேறு மருத்துவமனை என்பது மட்டும் போதாது. இதயப் பிரிவு, இதய நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர், தீவிர சிகிச்சை, குறைமாதக் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் பதியும்போதே பி.எச். இருப்பதைச் சொல்லி, அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

மைட்ரல் சுருக்கம் உள்ளவருக்கு மருந்து, ஓய்வு எல்லாம் கொடுத்தும் மூச்சுத்திணறல் அடங்காவிட்டால், 20 வாரத்துக்குப் பிறகு வயிற்றை ஈயத் தகட்டால் மறைத்துக் கர்ப்பத்திலேயே பலூன் செய்வார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குறைமாதத்தில் வலி வந்தால் அதை நிறுத்தப் போடும் டெர்பூட்டலின் போன்ற ஊசிகள் இதயத்துடிப்பை ஏற்றும். சுருங்கிய வால்வின் வழியாக ரத்தம் இறங்க நேரம் வேண்டும்; துடிப்பு ஏறினால் அந்த நேரம் குறைந்து, சிறிது நேரத்திலேயே நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

சுகப்பிரசவமா, சிசேரியனா?

எதுவானாலும் நாள் குறித்து, பகலில், எல்லோரும் தயாராக இருக்கும்போது நடக்க வேண்டும். நடு இரவில் அவசரமாக நடப்பதுதான் மோசமான வழி. கடுமையான பி.எச். என்றால் 32 முதல் 36 வாரத்துக்குள் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர, முன்கூட்டியே டெக்சாமெத்தசோன் 6 மி.கி. 12 மணி நேர இடைவெளியில் 4 முறை, அல்லது பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி நேர இடைவெளியில் 2 முறை போடுவார்கள்.

கடுமையான வகையில் பல மையங்கள் திட்டமிட்ட சிசேரியனைத் தேர்கின்றன. வால்வு கோளாறு மட்டும் இருந்து, அதுவும் கட்டுக்குள் இருந்தால் வலியில்லாத முறையில், முக்க விடாமல், கடைசிக் கட்டத்தில் கருவி வைத்து எடுக்கும் சுகப்பிரசவமும் நல்லதே. முக்குவது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கும் என்பதால்தான் கருவி.

மயக்க மருந்தில் முக்கியமான செய்தி: முதுகில் ஒரே ஊசியில் முழு அளவும் போடும் வழக்கமான முறை இவர்களுக்கு வேண்டாம். பி.பி. சட்டென்று விழும், விழுந்தால் வலப்பக்க இதயத்துக்கே ரத்தம் கிடைக்காது. குழாய் வைத்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் எபிட்யூரல் முறையே ஏற்றது. முழு மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் விடுவதும் செயற்கைச் சுவாசமும் நுரையீரல் அழுத்தத்தை ஏற்றும், எனவே அது வேறு வழியில்லாதபோதுதான்.

பிரசவ அறையில் வழக்கமாகக் கையில் எடுக்கும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். ஆக்சிடோசினை மொத்தமாகச் செலுத்தாமல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். ரத்தப்போக்கு நிற்கப் போடும் மெத்தில் எர்கோமெட்ரின், கார்போப்ரோஸ்ட் இரண்டும் நுரையீரல் குழாய்களைச் சுருக்கும், அவை கூடாது. இந்த இரண்டு பெயரையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே "கொடுக்கக்கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். நெருக்கடியில் கை தானாக அவற்றைத்தான் தேடும். ஐசென்மெங்கர் உள்ளவருக்கு ஏற்றும் குளுக்கோஸ் குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. அது ஓட்டை வழியாக மூளைக்குப் போகலாம். குளிர், வலி, ஆக்சிஜன் குறைவு மூன்றும் அழுத்தத்தை ஏற்றுபவை. அறுவை அரங்கின் ஏ.சி.யைக் குறைக்கச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான்.

குழந்தை பிறந்துவிட்டது, தாயும் நன்றாக இருக்கிறார். ஆபத்து தாண்டியாயிற்றா?

இல்லை. இதைத்தான் குடும்பங்கள் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுகின்றன. இறப்புகளில் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பிறகே, அதிலும் முதல் சில நாட்களிலிருந்து ஒரு மாதத்துக்குள் நடக்கிறது. குழந்தை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கி, அதில் இருந்த சுமார் அரை லிட்டர் ரத்தம் ஓட்டத்தில் சேரும். கால் வீக்கத்தில் தேங்கிய நீரும் அடுத்த நாட்களில் உள்ளே திரும்பும். இதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் சக்தி வலப்பக்க இதயத்துக்கு அப்போதுதான் மிகக் குறைவு.

எனவே குறைந்தது 2, 3 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், மொத்தம் ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையிலும் வைத்திருப்பார்கள். நீர் பிரிய மருந்து, நுரையீரல் குழாய் விரிய மருந்து, கட்டி உறையாமல் ஊசி எல்லாம் தொடரும். "நல்லாத்தானே இருக்கா, செலவு ஏறுது, கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில பழக்கங்களைத் தள்ளி வைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினால் குழாய்கள் விரிந்து மயக்கம் வரும். மிதமான சூட்டில், ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று வாயைக் கட்டினால், ஏற்கெனவே ரத்தம் கெட்டியாக உள்ள ஐசென்மெங்கர் நோயாளிக்குக் கட்டி உறையும். எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். அதிமதுரம் சேர்ந்த பிரசவ லேகியம் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பொட்டாசியத்தைக் குறைக்கும், அது வேண்டாம்.

தாய்ப்பால் தரலாமா? குழந்தைக்கு இந்த நோய் வருமா?

சில்டெனாஃபில், வார்ஃபரின், ஹெப்பாரின் எடுத்துக்கொண்டே பால் தரலாம். போசென்டான் வகைகளை மறுபடி தொடங்கினால் தர வேண்டாம். இரவுத் தூக்கம் கெடாமல், ஒரு வேளைப் பாலை வேறொருவர் பாலாடையில் புகட்டினால் தாய்க்கு ஓய்வு கிடைக்கும்.

குழந்தைக்குப் பெரும்பாலும் வரும் சிக்கல் எடைக்குறைவும் குறைமாதமும். பிறவி நீல இதயநோய் உள்ள தாய்மாரை (ஐசென்மெங்கர் நீங்கலாக) ஆராய்ந்ததில், ஆக்சிஜன் 85 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் உயிரோடு குழந்தை பிறந்தது சுமார் 12 சதவீதம் பேருக்குத்தான். தாய்க்குப் பிறவி இதயநோய் என்றால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு எக்கோ பாருங்கள்.

எந்தக் கருத்தடை முறை ஏற்றது?

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டவே வேண்டாம், ரத்தம் உறையும். ஆணுறையை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. கையில் தோலுக்கடியில் வைக்கும் ப்ரோஜெஸ்டின் குச்சி அல்லது கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் நல்லது. காப்பர் டி வைக்கும் கணத்தில் சிலருக்கு நாடி சட்டென்று இறங்கி மயக்கம் வரும் என்பதால், கருப்பைக்குள் வைப்பது எதையும் கண்காணிப்பு வசதியுள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளுங்கள். போசென்டான் சாப்பிடுபவருக்கு ஹார்மோன் மாத்திரை, குச்சி ஆகியவற்றின் பலம் குறையும். கருப்பைக்குள் வைக்கும் சாதனத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. பெண்ணுக்கு லேப்ராஸ்கோப் முறையில் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டில் வயிற்றில் வாயு ஏற்றித் தலையைத் தாழ்த்துவார்கள், பி.எச். உள்ளவருக்கு அது லேசான விஷயமல்ல. தழும்பில்லா வாசக்டமி கணவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியாகும் வரை வேறு முறையும் வேண்டும். ஆண்மைக்கு அதனால் எந்தக் குறைவும் வராது.

வேறு வழியில் பிள்ளை வளர்க்க முடியாதா?

2021-ஆம் ஆண்டு வாடகைத்தாய்ச் சட்டத்தின் விதிகளில், கர்ப்பம் உயிருக்கு ஆபத்தான பெண் என்பது ஏற்கப்பட்ட காரணம். திருமணமான தம்பதியில் பெண்ணுக்கு 23 முதல் 50, ஆணுக்கு 26 முதல் 55 வயது. பணம் கொடுத்து ஏற்பாடு செய்வது சட்டவிரோதம். முட்டை எடுக்கக் கொடுக்கும் ஹார்மோன் ஊசிகளே உடலில் நீர் கோக்கவும் ரத்தம் உறையவும் வைக்கும் என்பதால், சொந்த முட்டை எடுக்கும் முன் இதயநோய் மருத்துவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். தத்தெடுக்க, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையத்தில் பதியலாம். பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை என்ற மருத்துவச் சான்று கேட்பார்கள். கட்டுக்குள் இருக்கும் நோய் என்றால் மருத்துவரிடம் விளக்கமான சான்று வாங்கி வையுங்கள்.

கர்ப்பத்தில் ஊட்டி, கொடைக்கானல் போகலாமா?

வேண்டாம். இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் குழாய்கள் இன்னும் சுருங்கும்.

முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது பெறலாமா?

வால்வை விரித்து அழுத்தம் இயல்புக்குத் திரும்பியவர்கள் மறுபடி எக்கோ பார்த்துவிட்டுப் பேசலாம். நுரையீரல் தமனி வகையும் ஐசென்மெங்கரும் உள்ளவர்களுக்கு, முதல் முறை தப்பியது இரண்டாவதுக்கு உத்தரவாதம் அல்ல. இடைப்பட்ட காலத்தில் நோய் முன்னேறியிருக்கும், வலப்பக்க இதயத்தின் கையிருப்பு குறைந்திருக்கும், இப்போது வீட்டில் அம்மாவைத் தேடும் ஒரு பிள்ளையும் இருக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பின் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கருத்தடைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது கர்ப்பம் தரிக்காது என்று காத்திருந்து, குழந்தைக்கு ஒரு வயது முடியும் முன்பே மறுபடி கர்ப்பமாகி வருபவர்கள் உண்டு.